குழந்தைகள் படுக்கையை நனைத்தல்: தண்டனையிலிருந்து சிகிச்சை வரை

பள்ளி செல்லும் வயதுக் குழந்தை இரவுத் தூக்கத்தில் தன்னை அறியாமல் படுக்கையில் சிறுநீர் கழிப்பது மிகப் பழமையான, மிகப் பரவலான குழந்தைப் பருவச் சிக்கல்களுள் ஒன்றாகும். மருத்துவத்தில் இது 'எனுரெசிஸ்' எனப்படுகிறது. சிறுநீர் கழித்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ஐந்து வயது வரை படுக்கை நனைவது வளர்ச்சியின் இயல்பான பகுதியாகக் கருதப்படுகிறது. அதன் பின்னரும் தொடர்ந்தால்தான் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய நிலை என்கின்றனர். 5 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கும், 10 வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கும் இது உள்ளது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது.

இதற்கான சிகிச்சையின் வரலாறு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இந்த நீண்ட காலத்தில் மருந்துகளும் கருவிகளும் பல முறை மாறின. அவற்றின் அடியில் ஒரே கேள்வி தொடர்ந்து இருந்துவந்தது. தூங்கும்போது நடக்கும் ஒன்றுக்குக் குழந்தை பொறுப்பாகுமா என்பதே அக்கேள்வி. பொறுப்பு என்று நம்பிய காலங்களில் குழந்தைக்கு அடியும் அவமானமும் கிடைத்தன. பொறுப்பல்ல என்ற முடிவுக்கு மருத்துவம் வந்துசேர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

பண்டைய மருத்துவம்

கி.மு. 1550ஆம் ஆண்டு அளவில் எழுதப்பட்ட எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில், சிறுநீரை அடக்க இயலாத குழந்தைக்கான மருந்துக் குறிப்பு இடம்பெற்றுள்ளது. இன்று கிடைக்கும் மருத்துவ ஆவணங்களில் இச்சிக்கலைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தமது 'இயற்கை வரலாறு' நூலில், குழந்தைகளின் சிறுநீர்க் கசிவை நிறுத்த வேகவைத்த எலியை உணவில் கலந்து கொடுக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார்.

11ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் இப்னு சீனா இச்சிக்கலை ஆழ்ந்த உறக்கத்துடன் தொடர்புபடுத்தினார். உறக்கத்தின் ஆழத்தால் சிறுநீர்ப்பை நிறைந்ததைக் குழந்தை உணர்வதில்லை. வயது ஏற உறக்கம் இலகுவாகி, உறுப்புகளும் உறுதிப்படும்போது இது நீங்கும் என்பது அவர் விளக்கத்தின் சாரம். அவர் கூறிய காரணங்களில் உறக்கம், வளர்ச்சி ஆகிய இரண்டும் இன்றைய மருத்துவத்திலும் இடம்பெறுகின்றன. குழந்தையின் பிடிவாதமோ சோம்பலோ காரணம் என்று அவர் கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அச்சு நூல்களில் படுக்கை நனைத்தல்

ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் பரவத் தொடங்கிய காலத்திலேயே இச்சிக்கல் அச்சேறியது. 1472இல் இத்தாலியின் படுவா நகரில் பாவுலுஸ் பகெல்லார்டுஸ் எழுதிய குழந்தை நோய்கள் பற்றிய நூல் அச்சிடப்பட்டது. குழந்தை மருத்துவத்திற்கென்றே அச்சான முதல் நூலாகக் கருதப்படும் அதில், படுக்கையில் சிறுநீர் கழித்தல் பற்றியும் ஒரு பகுதி உண்டு. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் தாமஸ் ஃபேர் எழுதிய குழந்தை மருத்துவ நூல், ஆங்கிலத்தில் இத்துறையில் வெளிவந்த முதல் நூலாகும். படுக்கை நனைத்தலுக்கு அதில் தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டது. சேவலின் மூச்சுக்குழல், முள்ளெலியின் விதைகள், ஆட்டின் குளம்பு போன்றவற்றைப் பொடித்துக் கொடுக்கும் முறைகள் அதில் காணப்படுகின்றன.

இத்தகைய மருந்துகள் பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. படுக்கையை நனைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இன்றியே காலப்போக்கில் குணமடைகின்றனர். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்த ஃபோர்சைத், ரெட்மண்ட் ஆகிய மருத்துவர்கள் 1974இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தாமாகவே இதிலிருந்து விடுபடுகின்றனர் என்று அவர்கள் கண்டனர். ஆகவே நூறு குழந்தைகளுக்கு எந்தப் பொடியைக் கொடுத்தாலும், ஓராண்டில் பதினைந்து தாய்மார்கள் அது பலித்தது என்றே சாட்சி சொல்வார்கள். எலியும் முள்ளெலியும் பெற்ற புகழ் இப்படி வந்ததாக இருக்கலாம். பின்னாளில் அடியும் மிரட்டலும் பலித்ததாகத் தோன்றியதற்கும் இதே விளக்கம் பொருந்தும்.

19ஆம் நூற்றாண்டின் கடுமையான முறைகள்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவம் இச்சிக்கலைச் சிறுநீர்ப்பையின் குறைபாடாகப் பார்த்தது. பாரிஸ் நகரின் ஓத்தெல் தியூ மருத்துவமனையில் பணியாற்றிய அர்மான் துரூசோ, பெல்லடோனா என்னும் நச்சுச்செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்தைப் பரிந்துரைத்தார். சிறுநீர்ப்பைத் தசையின் மிகைச் சுருக்கத்தை அது தளர்த்தும் என்பது அடிப்படை. இக்கருத்தில் உண்மை இருந்தது. அதே வகையில் செயல்படும், பாதுகாப்பு மிகுந்த மருந்துகள் இன்றும் குறிப்பிட்ட சில குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் பெல்லடோனாவின் அளவு சற்றே மிகுந்தாலும் வாய் வறட்சி, பார்வை மங்கல், பிதற்றல் ஆகியவை ஏற்பட்டன.

மருந்துக்கு அப்பால் சென்ற முறைகள் இன்னும் கொடியவை. குழந்தை மல்லாந்து படுக்காமல் இருக்க முதுகில் முடிச்சிட்ட துணியைக் கட்டினர். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி வைத்தனர். கீழ்முதுகில் கொப்புளம் எழுப்பும் பற்றுகளைப் பூசினர். சிறுவர்களின் ஆண்குறியை வளையத்தால் இறுக்கினர். நுனித்தோலைப் பசைபோன்ற கொலோடியன் கரைசலால் மூடினர். சிறுநீர் வழியைச் சூட்டுப் பொருளால் சுட்ட நிகழ்வுகளும் உண்டு. இவற்றைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தாங்கள் அறிந்த அறிவியலின்படி உதவ முயன்ற மருத்துவர்கள். எனினும் சிகிச்சைக்கும் தண்டனைக்கும் இடையே இருந்த கோடு இக்காலத்தில் பெரும்பாலும் அழிந்துபோயிருந்தது.

உறைவிடப் பள்ளியில் ஒரு சிறுவன்

தண்டனையின் அனுபவத்தைக் குழந்தையின் பக்கமிருந்து பதிவு செய்த எழுத்துகளில் புகழ்பெற்றது ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் கட்டுரை. 1903இல் இந்தியாவின் மோதிஹாரியில் பிறந்த ஆர்வெல், 1911இல் எட்டு வயதில் தென் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார். சில ஆண்டுகளாக அறவே நின்றிருந்த படுக்கை நனைத்தல், வீட்டை விட்டு வந்த ஓரிரு வாரங்களில் அவரிடம் மீண்டும் தொடங்கியது. பள்ளியில் அது வேண்டுமென்றே செய்யும் குற்றமாகக் கருதப்பட்டது. அதற்கு மருந்து அடி.

நனைக்கக் கூடாது என்று இரவில் சிறுவன் வேண்டிக்கொண்டு படுத்தான், பயன் இல்லை. தலைமை ஆசிரியரிடம் அடி வாங்கினான். செய்ய விரும்பாத, செய்கிறோம் என்றே அறியாத, தடுக்கவும் முடியாத ஒரு செயலும் பாவமாக இருக்க முடியும் என்ற முடிவுக்கு அவன் வந்தான். அடிக்குப் பின் ஒரு கட்டத்தில் படுக்கை நனைவது நின்றது என்பதை ஆர்வெல் மறைக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது என்று அவர் கருதினார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நாட்களின் ஒவ்வொரு விவரமும் அவர் நினைவில் இருந்தது என்பதே அவ்விலைக்குச் சான்று. 1950இல் அவர் இறந்த பின், 1952இல் இக்கட்டுரை அமெரிக்காவில் வெளியானது. அவதூறு வழக்குக்கு அஞ்சி, பிரிட்டனில் 1968 வரை வெளியிடப்படவில்லை.

ஆறு மாதமோ அதற்கு மேலோ நனைக்காமல் இருந்த குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்குவதை மருத்துவர்கள் இன்று 'இரண்டாம் நிலை' என்று தனியாக வகைப்படுத்துகின்றனர். பிரிவு, இடமாற்றம், பெற்றோர் சண்டை போன்ற மன அழுத்தங்கள் இவ்வகைக்குக் காரணமாக இருக்கலாம். எட்டு வயதில் வீட்டைப் பிரிந்த சிறுவனின் நிலை இதற்குப் பொருந்துகிறது.

உளப்பகுப்பாய்வின் பார்வை

ஆர்வெல் அடிவாங்கிய அதே காலத்தில், மத்திய ஐரோப்பாவில் வேறொரு விளக்கம் உருவாகிக்கொண்டிருந்தது. சிக்மண்ட் பிராய்ட் 1905இல் வெளியிட்ட எழுத்துகளில், படுக்கை நனைத்தலைக் குழந்தைப் பருவப் பாலுணர்வுடன் இணைத்துப் பேசினார். அவரைப் பின்பற்றியோர் இதை மறைந்திருக்கும் மனப் போராட்டத்தின் வெளிப்பாடு என்றனர். பெற்றோர் மீதான கோபம், புதிதாகப் பிறந்த தம்பி தங்கை மீதான பொறாமை போன்றவை காரணங்களாகச் சுட்டப்பட்டன.

குழந்தையை அடிப்பதை இப்பார்வை ஏற்கவில்லை என்பது ஒரு முன்னேற்றம். ஆனால் குற்றச்சாட்டு முழுவதும் மறையவில்லை; இடம் மாறியது. குழந்தையின் ஆழ்மனமும் தாயின் வளர்ப்பும் இப்போது விசாரணைக்கு உள்ளாயின. படுக்கை நனைத்தலை நேரடியாக நிறுத்த முயன்றால், அடக்கப்பட்ட மனச்சிக்கல் வேறு வடிவில் வெடிக்கும் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. அந்த எச்சரிக்கை, அடுத்து வந்த பயனுள்ள கண்டுபிடிப்பு பரவுவதைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தியது.

செவிலியருக்காக அமைத்த மணி

இச்சிக்கலுக்கு இன்றுவரை சிறந்ததாகக் கருதப்படும் சிகிச்சை தற்செயலாகப் பிறந்தது. 1904இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் மைன்ஹார்ட் ஃபான் ஃபவுண்ட்லர் ஒரு மின்கருவியைப் பற்றி அறிவித்தார். மருத்துவமனையில் குழந்தை படுக்கையை நனைத்ததும் செவிலியருக்குத் தெரியவேண்டும், உடனே துணி மாற்ற வேண்டும் என்பது மட்டுமே அதன் நோக்கம். குழந்தையின் அடியில் விரிக்கப்பட்ட மின்கடத்தும் விரிப்பில் ஈரம் பட்டதும் மணி அடிக்கும். சிறிது காலம் அக்கருவியில் படுத்த குழந்தைகளில் சிலர் நனைப்பதையே குறைத்துவிட்டனர். ஃபவுண்ட்லர் இதைக் கவனித்துப் பதிவு செய்தார். ஆனால் அதைச் சிகிச்சை முறையாக வளர்க்கும் பணி மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

1930களில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலிருந்த குழந்தைகள் இல்லம் ஒன்றில் உளவியலாளர் ஓ. ஹோபர்ட் மௌரரும் அவர் மனைவி வில்லி மே மௌரரும் காப்பாளர்களாகத் தங்கியிருந்தனர். அங்கிருந்த குழந்தைகள் பலர் படுக்கையை நனைத்தனர். தினமும் காலையில் ஈர விரிப்புகளைக் கண்ட இத்தம்பதியர், உருசிய அறிவியலாளர் பாவ்லோவின் பழக்குறுத்தல் கோட்பாட்டை இதற்குப் பயன்படுத்தலாம் என எண்ணினர். மணியோசையை உணவுடன் பலமுறை இணைத்தால், பின்னர் மணியோசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்பது பாவ்லோவ் வழி வந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதேபோல, சிறுநீர்ப்பை நிறையும் உணர்வை மணியோசையுடன் பலமுறை இணைத்தால், காலப்போக்கில் மணி அடிக்கும் முன்பே குழந்தை விழித்துக்கொள்ளும் என்று அவர்கள் கணித்தனர்.

அவர்கள் அமைத்த கருவி எளியது. இரண்டு உலோக வலைகளுக்கு நடுவே தடித்த துணி வைக்கப்பட்டது. உலர்ந்த துணி வழியே மின்சாரம் பாயாது. சிறுநீரில் உப்புகள் இருப்பதால் துணி நனைந்ததும் மின்சுற்று முழுமையாகி மணி ஒலிக்கும். குழந்தை எழுந்து, கழிப்பறைக்குச் சென்று மீதியைக் கழித்துவிட்டுத் திரும்பும். தொடர்ந்து நனைக்காத இரவுகள் வந்தபின், படுக்கும் முன் கூடுதல் நீர் குடிக்கச் செய்து பழக்கம் உறுதிப்பட்டதா என்று சோதித்தனர். இம்முறையில் 30 குழந்தைகளும் இரண்டு மாதங்களுக்குள் உலர்ந்த படுக்கையில் எழுந்தனர் என்று 1938இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் மௌரர் தம்பதியர் தெரிவித்தனர்.

உளப்பகுப்பாய்வாளர்கள் எச்சரித்தது போல் இக்குழந்தைகளிடம் புதிய மனநோய்க் குறிகள் தோன்றவில்லை. சுமை நீங்கியதால் பலர் முன்னைவிட மகிழ்ச்சியாகவே இருந்தனர். பிந்தைய பத்தாண்டுகளில் வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. 30க்கு 30 என்ற முழு வெற்றி மட்டும் பின்னர் திரும்பவில்லை. முறையாகப் பயன்படுத்தும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சைக் காலத்தில் குணமடைகின்றனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மீண்டும் வரலாம். வியப்புக்குரிய மற்றொரு செய்தியும் தெரியவந்தது. குணமடைந்த குழந்தைகளில் பலர் இரவில் எழுந்து சிறுநீர் கழிப்பதில்லை; விடியும்வரை அடக்கிக்கொண்டு தூங்கவே பழகிவிடுகின்றனர். பாவ்லோவின் கோட்பாடு கருவிக்கு வழிகாட்டியது உண்மை. கருவி வேலை செய்யும் விதத்தை அது முழுமையாக விளக்கவில்லை.

1939: ஒரு நாட்டின் பேச்சுப்பொருள்

மௌரர் கட்டுரை வெளியான மறு ஆண்டே, படுக்கை நனைத்தல் வரலாற்றில் முதன்முறையாக ஒரு நாட்டு அரசின் கவலையாக மாறியது. 1939 செப்டம்பர் 1 முதல், குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரிட்டன் அரசு நகரங்களிலிருந்து குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியது. சில நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோர் துணையின்றிச் சென்ற பள்ளிக் குழந்தைகள். கழுத்தில் அடையாளச் சீட்டும் கையில் சிறு பையுமாக, முன்பின் அறியாத வீடுகளில் அவர்கள் இறக்கிவிடப்பட்டனர்.

அடுத்த காலையிலேயே ஈரப் படுக்கைகள் பற்றிய முறையீடுகள் எழுந்தன. பத்திரிகைகளிலும் மருத்துவ இதழ்களிலும் அது விவாதமானது. ஏழை நகர்ப்புறத் தாய்மார்கள் பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று ஏற்றுக்கொண்ட வீட்டார் பலர் குற்றம் சாட்டினர். நீர்புகா விரிப்புகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சலவைச் செலவு யாருடையது என்ற கேள்வி அரசு அலுவலகங்கள் வரை சென்றது. இக்குழந்தைகளுக்கெனத் தனி விடுதிகளும் திறக்கப்பட்டன. ஆக்ஸ்போர்டுஷயர் விடுதிகளில் ஆலோசகராகப் பணியாற்றிய மருத்துவர் டொனால்ட் வினிக்காட், குழந்தையின் நடத்தையைப் பிரிவின் துயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என வலியுறுத்தினார்.

போருக்குப் பின் 1950இல் சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ் எழுதிய அரசு வரலாற்று நூலில் இந்நிகழ்வுக்குக் குறிப்பிடத்தக்க இடம் அளித்தார். குழந்தைகள் புதிய இடத்துக்குப் பழகியபின் சிக்கல் பெருமளவு குறைந்தது என்பதும், தொடக்கத்தில் எழுந்த கூச்சல் உண்மை நிலையைவிடப் பெரிது என்பதும் அதிலிருந்து தெரியவருகின்றன. பெற்றோரைப் பிரிந்த குழந்தை படுக்கையை நனைப்பது வளர்ப்புக் குறையின் சான்று அல்ல, அச்சத்தின் சான்றாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் இக்காலத்தில் பொதுமக்களிடம் பரவத் தொடங்கியது.

மருந்துகளின் வருகை

1960இல், மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்ட இமிப்பிரமின் என்னும் மருந்து படுக்கை நனைத்தலைக் குறைப்பதாக மருத்துவர் மேக்லீன் அறிவித்தார். மணிக் கருவியைவிட எளிது என்பதால் அது விரைவாகப் பரவியது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்குச் சிக்கல் திரும்பியது. வீட்டிலிருக்கும் சிறு குழந்தைகள் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத் துடிப்பு பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம். இதனால் இன்று அது முதல் தெரிவாகக் கொடுக்கப்படுவதில்லை.

மற்றொரு வழி ஹார்மோன் ஆய்விலிருந்து வந்தது. உடலில் சுரக்கும் வாசோபிரெசின், சிறுநீரகம் நீரை வெளியேற்றும் அளவைக் குறைக்கிறது. இந்த ஹார்மோனை ஆய்வகத்தில் உருவாக்கிய பணி, அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோடுக்கு 1955ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த சாதனைகளுள் ஒன்று. 1967இல் பிராக் நகர வேதியியலாளர்கள் அதன் மாற்று வடிவமான டெஸ்மோபிரெசினை உருவாக்கினர். 1977இல் மருத்துவர் டிம்சன் அதைப் படுக்கையை நனைக்கும் குழந்தைகளுக்குப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார்.

அது ஏன் பலித்தது என்பதற்கான விளக்கம் 1985இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. பொதுவாக இரவில் வாசோபிரெசின் அளவு உயர்வதால் சிறுநீர் குறைவாகச் சுரக்கிறது. அவர்கள் ஆய்ந்த, படுக்கையை நனைக்கும் குழந்தைகளிடம் அந்த இரவு உயர்வு காணப்படவில்லை. அதாவது, சிறுநீர்ப்பை கொள்வதைவிட அதிகமான நீரை அக்குழந்தைகளின் சிறுநீரகங்கள் இரவில் அனுப்பிக்கொண்டிருந்தன. எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது எனப் பின்னர் தெரிந்தாலும், அடியால் திருத்த முடியாத ஓர் உடலியல் காரணம் கண்முன் வைக்கப்பட்டது. இம்மருந்துடன் அதிக நீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதன் மூக்குத் தெளிப்பு வடிவத்தைப் படுக்கை நனைத்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது என அறிவித்தது. மாத்திரை வடிவம் மருத்துவர் மேற்பார்வையில் தொடர்கிறது.

குடும்ப மரபும் மலச்சிக்கலும்

படுக்கை நனைத்தல் குடும்பங்களில் தொடர்வதை 1970களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹாரி பாக்வின் எண்களால் காட்டினார். தாய் தந்தை இருவருக்கும் சிறுவயதில் இச்சிக்கல் இருந்திருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்கு 77 பேருக்கு அது இருந்தது. ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால் 44 பேருக்கும், இருவருக்கும் இல்லாதபோது 15 பேருக்கும் இருந்தது. 1995இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சில குடும்பங்களில் இதை 13ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியுடன் தொடர்புபடுத்தினர். பின்னர் வேறு குரோமோசோம்களும் சுட்டப்பட்டன. இக்கண்டுபிடிப்புகள் பெற்றோரின் பார்வையையும் மாற்றக்கூடியவை. பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தந்தை, தம் சிறுவயதில் மறைத்த அதே துயரத்தையே பிள்ளையிடம் காண்கிறார் என்பது பல வீடுகளில் உண்மை.

1986இல் கனடாவின் மொன்ட்ரியல் நகர மருத்துவர்கள் எளிய காரணம் ஒன்றையும் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். மலச்சிக்கலால் மலக்குடல் நிறைந்திருந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். மலச்சிக்கலைச் சரிசெய்ததும் சில குழந்தைகளிடம் படுக்கை நனைவது நின்றது. இன்று இச்சிக்கலுடன் வரும் குழந்தையிடம் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் மலம் கழிக்கும் பழக்கமும் ஒன்று.

இன்றைய வழிமுறை

இன்றைய மருத்துவம் படுக்கை நனைத்தலுக்கு மூன்று முதன்மைக் காரணிகளைச் சுட்டுகிறது: இரவில் மிகுதியாகச் சிறுநீர் சுரத்தல், சிறுநீர்ப்பையின் குறைந்த கொள்ளளவு அல்லது மிகைச் சுருக்கம், சிறுநீர்ப்பை நிறைந்தும் உறக்கம் கலையாமை. இவற்றில் எதுவும் குழந்தையின் விருப்பத்தைச் சார்ந்ததல்ல. 2010இல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, இது குழந்தையின் தவறல்ல என்றும் தண்டிக்கக் கூடாது என்றும் வெளிப்படையாகக் கூறியது. உலர்ந்த இரவுக்குப் பரிசு தருவதையும் அது பரிந்துரைக்கவில்லை. தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைத்தால், கிடைக்காத நாளில் அதுவே தண்டனையாகிவிடும். பகலில் போதிய நீர் குடித்தல், படுக்கும் முன் கழிப்பறைக்குச் செல்லுதல், விரிப்பை மாற்ற உதவுதல் போன்ற குழந்தையால் செய்ய முடிந்த செயல்களைப் பாராட்டலாம்.

பெற்றோர் வீட்டில் கடைப்பிடிக்கத்தக்க வழிகள் எளியவை. நீரை மாலையில் மொத்தமாகக் குடிக்காமல் காலை முதல் பிரித்துக் குடிக்கச் செய்தல், மாலைக்குப் பின் தேநீர், காப்பி, குளிர்பானங்களைத் தவிர்த்தல், மலச்சிக்கலைப் போக்கும் உணவு தருதல், கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு வைத்தல், நீர்புகா விரிப்பைப் பயன்படுத்துதல் ஆகியவை தொடக்கத்தில் போதும். பள்ளியிலும் இடைவேளைகளில் தடையின்றிக் கழிப்பறைக்குச் செல்லக் குழந்தைக்கு வாய்ப்பு வேண்டும். இவற்றால் பயன் இல்லையெனில், குழந்தையும் பெற்றோரும் விரும்பினால், மணிக் கருவியைச் சில மாதங்கள் பயன்படுத்தலாம். தொடர்ந்து 14 இரவுகள் நனையாமல் இருப்பது வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஆழ்ந்து உறங்கும் குழந்தை மணிக்கு எழாமல் போகலாம் என்பதால், தொடக்க வாரங்களில் பெரியவர் ஒருவர் உடன் எழுந்து குழந்தையை எழுப்ப வேண்டியிருக்கும்.

பகலிலும் சிறுநீர் கசிதல், சிறுநீர் கழிக்கும்போது வலி, அளவுக்கு மீறிய தாகம், உடல் எடை குறைதல், இரவில் பலத்த குறட்டை, நெடுநாள் நின்றிருந்தது திடீரெனத் திரும்புதல் ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, மூச்சுப்பாதை அடைப்பு போன்றவை இவற்றின் பின்னால் இருக்கக்கூடும்.

வீட்டில் தொடரும் பழைய எண்ணம்

ஃபவுண்ட்லரின் மணி இன்று உள்ளாடையில் பொருத்தும் சிறு உணரியாகச் சுருங்கிவிட்டது. மருந்துகள் மாத்திரைகளாகக் கிடைக்கின்றன. குழந்தையின் மேல் பழி சுமத்தும் வழக்கம் மட்டும் அதே வேகத்தில் மறையவில்லை. உறவினர் முன்னிலையில் கேலி செய்வதும், நனைந்த விரிப்பை எல்லோரும் பார்க்கக் காயப்போடுவதும், சுற்றுலாவுக்குப் போகக் கூடாது எனத் தடுப்பதும் பல நாடுகளில் இன்னும் நடக்கின்றன. சிக்கலை வெளியே சொல்ல வெட்கப்படுவதால், சிகிச்சை பெறக்கூடிய குழந்தைகள் பலர் மருத்துவரிடம் செல்வதே இல்லை.

நனைக்கும் குழந்தை பெரும்பாலும் தன் வகுப்பில் தான் ஒருவன் மட்டுமே இப்படி என்று நம்புகிறது. 7 வயதுக் குழந்தைகள் 40 பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேருக்காவது இது இருக்க வாய்ப்புண்டு. ஒருவர் மற்றவரிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான். சிறுவயதில் தமக்கும் இது இருந்தது, பின்னர் சரியாகிவிட்டது என்று தாயோ தந்தையோ சொல்லும் ஒரு சொல், எட்டு வயது ஆர்வெலுக்குக் கிடைக்காத ஆறுதலை அக்குழந்தைக்குத் தருகிறது.